மெரினாவும் பழவேற்காடும்

கவரைப்பேட்டை நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் மாணவர்களைப் பார்த்தால் குனிந்த தலைகளின் வரிசைதான் தெரியும். செல்பேசி இந்தத் தலைமுறையைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது ஆசிரியர்களான எங்களுக்கு எளிது. ஆசிரியர் ஓய்வறையில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2017 சனவரிக்கும் 2018 மே மாதத்துக்கும் இடைப்பட்ட பதினாறு மாதங்களை நினைக்கையில் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட மனம் ஒப்புவதில்லை.

சல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2014 மே 7இல். 2017 பொங்கலை ஒட்டி அலங்காநல்லூரில் கூடியவர்கள் கைதான செய்தி ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் பரவியது. சனவரி 17 அன்று மெரினாவில் சிறு கூட்டமாகத் தொடங்கியது ஓரிரு நாளில் கடற்கரையை நிறைத்தது. கட்சிக் கொடி இல்லை; மேடைத் தலைவரும் இல்லை. விளக்குகள் அணைக்கப்பட்ட இரவில் ஆயிரமாயிரம் செல்பேசி வெளிச்சங்கள் எழுந்தன. 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23இல் சட்டமன்றம் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. கூட்டம் காவல்துறையால் கலைக்கப்பட்டதும் அதே நாளில்தான். அரசியல் ஆர்வமற்றவர்கள் என்று நாம் ஒதுக்கிய பிள்ளைகள் அவர்கள்.

இனி பழவேற்காடு. எங்களுக்கு அடுத்த நிலையமான பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏறினால் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர், பூநாரைகள் வந்திறங்கும் ஊர் என்று மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுவோம். அங்கேதான் 2018 மே 9 அன்று மனநலம் குன்றிய ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிய கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாளில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டார்.

பிள்ளை பிடிப்பவன் நமக்குப் புதியவன் அல்லன். பாலம் கட்ட நரபலிக்குக் குழந்தைகளைத் தூக்குகிறார்கள் என்ற பேச்சு ஆங்கிலேயர் காலத்திலேயே உண்டு. அன்று அது வாய்வழியே ஊர் ஊராக நடந்து வந்தது. வருவதற்குள் யாராவது ஒருவர் சிரித்துத் தள்ளவும் நேரம் இருந்தது. 2018இலோ, வடநாட்டுக் கும்பல் நுழைந்துவிட்டது என்ற குரல்பதிவு உறவினர் ஒருவரின் கையிலிருந்தே வந்தது. அவ்வாண்டு இந்தியாவெங்கும் சுற்றிய கடத்தல் காணொளி ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் வெட்டுண்ட துண்டு. விளக்கம் இருந்த கடைசிப் பகுதியை யாரோ நீக்கியிருந்தார்கள். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் வரம்பு கட்டியது அந்த சூலையில். இருவரும் இறந்து இரண்டு மாதம் கழித்து.

எங்கள் குடும்பக் குழுவிலும் அப்படி ஒரு குரல்பதிவு வந்தது. நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. பொய் என்றும் எழுதவில்லை. மூத்தவர் ஒருவர் போட்டது, எதற்கு மனத்தாங்கல் என்று விட்டுவிட்டேன். பழவேற்காட்டுச் செய்தியை நாளிதழில் படித்த காலையில் அந்தக் குழுவைத் திறந்தேன். பதிவு அங்கேயே இருந்தது. கீழே ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்.

வடநாட்டான் என்ற சொல் எங்கள் பகுதியில் வெறும் சொல் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பீகார், ஒடிசா இளைஞர்கள் வேலை செய்கிறார்கள்; எங்கள் மாணவர்களின் வயதுதான். 2023 மார்ச்சில் வதந்தி திசை மாறியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. தமிழகக் காவல்துறை மறுத்து வழக்குகள் பதிந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து விசாரித்தது. அந்த நாள்களில் ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த தொழிலாளி இளைஞன் கையிலும் செல்பேசி இருந்தது. இந்தியில் யாரோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவன், ஒலியைக் குறைத்துக்கொண்டு சன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தான்.