கதவு இறங்கிவிட்டதா? புதுக் கதவு வாங்கும் முன் கீலைப் பாருங்கள்

பலகைக் கதவு மழை ஈரத்தில் ஊறும், கரையான் அரிக்கும் என்பதால் பல வீடுகள் யுபிவிசி கதவுக்கு மாறிவிட்டன. பின்வாசல், துணி காயப்போடும் இடம், பால்கனி எனப் பல இடங்களில் இந்தக் கதவைப் பார்க்கலாம். குளியலறையிலோ மெலிந்த பிவிசி கதவுகள் நெடுங்காலமாகவே உள்ளன. இவை துருப்பிடிப்பதில்லை, சாயம் பூசவும் தேவையில்லை.

ஆனால், சில ஆண்டுகளில் கதவு தரையில் உரசத் தொடங்கும், பூட்டு சரியாக விழாது. "கதவு கெட்டுவிட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலான நேரங்களில் கெட்டுப்போவது கதவு அல்ல. அதைத் தாங்கும் கீலோ, கீலைப் பிடித்திருக்கும் திருகாணியோதான். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் ஒரு முழுக் கதவின் செலவு மிச்சமாகும்.

பழுது எங்கே?

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தை இரு கைகளாலும் மெல்ல மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போது வீட்டில் இன்னொருவர் மேல் கீலைக் கவனிக்கட்டும்.

கீலின் தகடு கதவிலிருந்தோ சட்டத்திலிருந்தோ விலகி அசைந்தால், திருகாணியின் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். தகடு அசையாமல் நடுவிலுள்ள ஊசி மட்டும் ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது, கீலையே மாற்ற வேண்டும். இரண்டும் அசையாமல் சட்டமே சுவரிலிருந்து ஆடினால், கீலை மாற்றிப் பயனில்லை. முதலில் சட்டத்தைச் சுவரில் இறுக்க வேண்டும்.

கதவு மதியத்தில் மட்டும் இறுகி, காலையில் நன்றாகத் திறந்தால் அது வெயிலின் வேலை. யுபிவிசி சூட்டில் விரியும் பொருள். 2 மீட்டர் உயரமுள்ள கதவு 15 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அடர்ந்த நிறக் கதவுகள் வெள்ளைக் கதவைவிட அதிகமாகச் சூடேறும். எனவே, மதிய வெயிலில் கதவின் இடைவெளியைச் சரிசெய்யக் கூடாது. வெயில் படாத நேரத்தில் பார்த்து, விரிவதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

எந்தக் கதவுக்கு எந்தக் கீல்?

கடையில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, புத்தகம் போல விரியும் சாதாரணக் கீல். எடை குறைந்த குளியலறைக் கதவுக்கு இது போதும். விலையும் குறைவு. ஆனால், பொருத்தியபின் உயரத்தையோ பக்கவாட்டையோ மாற்ற முடியாது. கதவு இறங்கினால் கழற்றித்தான் மறுபடி பொருத்த வேண்டும்.

இரண்டாவது, கொடி வடிவக் கீல். கண்ணாடி பதித்த கனமான யுபிவிசி கதவுகளில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். இதன் மூடியைக் கழற்றினால் உள்ளே அறுகோணச் சாவியால் திருப்பும் திருகுகள் இருக்கும். கதவைக் கழற்றாமலே மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தலாம். சில வகைகளில் சட்டத்தோடு கதவு அழுந்தும் அளவையும் மாற்றலாம். இப்படிப்பட்ட கதவு உரசினால், எதையும் வாங்கும் முன் இந்தத் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரு கீலை மட்டும் அதிகமாகத் திருப்பினால் முழுப் பாரமும் அதன்மேல் விழும். ஆகவே, எல்லாக் கீல்களையும் சிறிது சிறிதாக ஒரே அளவில் திருப்ப வேண்டும்.

பழைய கீலை மாற்றுவதாக இருந்தால் அதையே கையில் எடுத்துச் செல்வது உத்தமம். திருகாணித் துளைகளுக்கு இடையிலான தூரம், தகட்டின் அகலம், மூடிய நிலையில் கதவு சட்டத்தைவிட எவ்வளவு வெளியே தூக்கி நிற்கிறது என்ற அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில கீல்கள் இடப்பக்கக் கதவுக்கும் வலப்பக்கக் கதவுக்கும் தனித்தனியாக வரும். கதவை ஒரு படம் எடுத்துச் சென்றால் கடைக்காரருக்கும் எளிது.

வெளிப்பக்கம் திறக்கும் வாசலில் கீலின் ஊசி வீட்டுக்கு வெளியே இருக்கும். அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டு இருந்தும் பயனில்லை. கதவு மூடியிருக்கும்போது ஊசியைக் கழற்ற முடியாதபடி அமைந்த கீலைக் கேட்டு வாங்க வேண்டும்.

உலோகமும் காந்தமும்

மழையும் புழுக்கமும் ஆண்டு முழுதும் இருக்கும் நம் பகுதியில், முலாம் பூசிய இரும்புக் கீல் குளியலறையில் அதிக நாள் தாங்காது. பொது உபயோகத்துக்கு 304 தரத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. போர்ட்டிக்சன் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று படும் கதவுக்கு 316 தரம் மேல்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோகலாம். கீலில் அது இறுக்கமாக ஒட்டினால், முலாம் பூசிய இரும்பாகவோ தரம் குறைந்த எஃகாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 304 தரத்தில் காந்தம் ஒட்டாது, அல்லது மிக இலேசாகவே ஒட்டும். திருகாணியையும் இப்படியே சோதிக்க வேண்டும். நல்ல கீலை வாங்கி இரும்புத் திருகாணி போட்டால், முதலில் திருகாணி துருப்பிடித்து அறும்.

திருகாணி எதைப் பிடிக்கிறது?

யுபிவிசி கதவின் ஓரச் சட்டம் உள்ளே வெறுங்கூடு. நல்ல கதவுகளில் அந்தக் கூட்டுக்குள் எஃகுப் பட்டை செருகப்பட்டிருக்கும். திருகாணி அந்த எஃகைக் கடித்தால்தான் பிடி நிலைக்கும். பிளாஸ்டிக் சுவரை மட்டும் பிடித்த திருகாணி, கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் துளையைப் பெரிதாக்கும்.

உள்ளே எஃகு இருக்கிறதா என்று பார்க்கவும் வலுவான காந்தம் உதவும். இங்கே ஒட்டினால் நல்லது. எஃகு இருந்தால், எஃகைத் துளைக்கும் முனையால் சிறு துளை போட்டு, அதற்கேற்ற திருகாணியைப் பயன்படுத்த வேண்டும்.

எஃகு இல்லாத மெலிந்த குளியலறைக் கதவில், பெரிதாகிவிட்ட துளைக்குள் தீக்குச்சியும் பசையும் திணிப்பது சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கீலைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் புது இடத்தில் பொருத்தலாம். அல்லது கதவின் மறுபக்கத்தில் அலுமினியத் தகடு வைத்து நட்டு, போல்ட்டு போட்டு முடுக்கலாம்.

எத்தனை கீல்? எவ்வளவு தூரத்தில்?

2 மீட்டர் உயரக் கதவுக்கு மூன்று கீல் வேண்டும். மேல் கீல் உச்சியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள்ளும், கீழ்க் கீல் அடியிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டரிலும் இருக்கலாம். மூன்றாவதை நடுவில் வைக்கலாம். கனமான கதவானால் மேல் கீலுக்கு அருகே வைப்பதும் உண்டு.

இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: 90 சென்டிமீட்டர் அகலமும் 30 கிலோ எடையும் உள்ள கதவில், மேல் கீலும் கீழ்க் கீலும் 160 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், மேல் கீலைச் சட்டத்திலிருந்து பிடுங்கும் பக்கவாட்டு இழுப்பு சுமார் 8 கிலோ. அதே கீல்களை 80 சென்டிமீட்டர் நெருக்கத்தில் வைத்தால் அது சுமார் 17 கிலோவாகிவிடும். துணிமூட்டையைக் கதவின் கைப்பிடியில் மாட்டினால் இன்னும் கூடும். மேல் கீல் முதலில் தளர்வது இதனால்தான்.

பொருத்தும் முறை

1. திருகாணிகள் தெரியும் அளவுக்குக் கதவைத் திறந்து, பூட்டுப் பக்க நுனிக்கு அடியில் மர ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்க வேண்டும். கண்ணாடிக் கதவானால் கட்டாயம் இருவர் தேவை.

2. எல்லாக் கீல்களையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியபின் அடுத்ததைத் தொட வேண்டும். மேல் கீல் கடைசியாக இருக்கட்டும்.

3. புதுத் துளை போடுவதானால், திருகாணியைவிடச் சிறிய முனையை மெதுவான வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகித் துளை தளர்ந்துவிடும். தேவையான ஆழத்தை முனையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கதவில் அளவுக்கு மீறி நீண்ட திருகாணி கண்ணாடியைத் தொட்டு விரிசல் விழச் செய்யும்.

4. கடைசிச் சுற்றுகளைக் கைத் திருப்புளியால் முடுக்க வேண்டும். மின் கருவியால் முடுக்கினால் புரி அறுந்து பிடி போய்விடும்.

5. ஆப்பை எடுத்தபின் கதவை மூடி, ஒரு மடித்த அட்டைத் துண்டை மூன்று பக்க இடைவெளியிலும் ஓட்டிப் பார்க்கலாம். எங்கும் ஒரே இறுக்கமாகப் போனால் கதவு நேராக இருக்கிறது.

குளியலறையில் கூடுதல் கவனம்

வயதானவர் குளியலறைக்குள் விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கீல் மாற்றும் வேளையிலேயே, வெளியே இடமிருந்தால், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவதைப் பற்றித் தச்சரிடம் கேட்கலாம். வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கக்கூடிய பூட்டும் உதவும். குழந்தைகள் உள்ள வீட்டில், கீல் பக்க இடைவெளியில் விரல் நசுங்காதிருக்கத் தடுப்புப் பட்டை ஒட்டுவது நல்லது.

அடுக்குமாடி வீட்டின் தலைவாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கலாம். அதையோ அதன் கீலையோ நிர்வாகத்திடம் கேட்காமல் மாற்றக் கூடாது.

பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளைக் கையால் முடுக்கிப் பார்த்தால் போதும். உலோகக் கீல் கிரீச்சிட்டால் ஒரு துளி இயந்திர எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுப்பாகும். துருக்கறையைத் துடைக்கத் தின்னர் பயன்படுத்தினால் யுபிவிசியின் மேற்பரப்பு கெடும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

கதவு உரசத் தொடங்கிய வாரத்திலேயே கவனித்தால் நான்கு திருகாணிகளோடு வேலை முடியலாம். விட்டுவைத்தால் துளை கிழிந்து, பூட்டு வளைந்து, கடைசியில் நல்ல கதவையும் மாற்ற வேண்டிவரும்.