சுண்டெலியும் தொய்வு நோயும்

தொய்வு என்றும் ஆஸ்த்துமா என்றும் வழங்கப்படும் நோய் மனித குலத்துக்கு மிகப் பழையது. சுண்டெலிக்கோ அந்நோய் இயல்பாக வருவதில்லை. எனினும், அந்நோய்பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றுட் பல சுண்டெலியை ஆராய்ந்து பெற்றவையே. தனக்கு வாராத நோயைப் பற்றி ஒரு பிராணி கூறும் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

வீட்டுத் தூசி தொய்வைத் தூண்டும் என்ற ஐயம் 1920ஆம் ஆண்டுகளிலேயே எழுந்தது. தூசியில் உள்ள எப்பொருள் அதற்குக் காரணம் என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1964ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர், தூசியில் வாழும் ஒரு சிற்றுண்ணியே முதன்மையான காரணம் எனக் காட்டினர். மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளமே உள்ள அவ்வுண்ணி, நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களை உண்டு மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது. அதன் எச்சத்திலுள்ள புரதங்கள் மூச்சோடு உட்சென்று ஒவ்வாமையை விளைவிக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும் ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பெரிதும் பயன்பட்டது உண்ணியன்று. கோழிமுட்டையின் வெண்கருப் புரதமே. அதனை அலுமினிய உப்புடன் கலந்து எலியின் வயிற்றினுள் ஊசிமூலம் செலுத்தி, பின்னர் மூச்சுவழியும் கொடுத்தனர். எலியின் சுவாசக் குழாய்கள் அழற்சியுற்றன. ஆனால் மனிதருக்குத் தொய்வு அவ்வழியாக வருவதில்லை. மேலும், வெண்கருவைத் தொடர்ந்து கொடுத்தால் எலி அதற்குப் பழகிவிடும், அழற்சி தணிந்துவிடும்.

இத்தகைய எலிகளின் சாட்சியை நம்பிய ஒரு முயற்சி படிப்பினை தந்தது. இயோசினோபில் என்னும் வெண்குருதிக் கலங்களைப் பெருக்குவது இன்ரர்லூக்கின்-5 என்னும் பொருள். அப்பொருள் இல்லாத எலிகளில் வெண்கருவினால் விளையும் சுவாசக் கேடு தோன்றவில்லை என 1996இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். அதனைத் தடுக்கும் பிறபொருளெதிரி மருந்து மனிதரிடம் சோதிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெண்கலங்கள் குறைந்தன; சுவாசக் குழாய்களின் மிகையான சுருங்குந் தன்மையோ குறையவில்லை.

இதற்கிடையில் உண்ணியின் சாற்றையே மூக்கின்வழி கொடுக்கும் முறை வளர்ந்தது. 2004இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர், வாரக்கணக்காகத் தொடர்ந்து அதனைக் கொடுத்தபோது அழற்சி தணியாது நீடித்ததையும், குழாய்ச் சுவர்களின் அமைப்பே மாறியதையும் கண்டனர். மனித நோய்க்கு இது மிக நெருங்கிய சாயல். எனினும் சாயல் மூலமாகாது. எலியின் சுவாசக் குழாய்கள் மனிதருடையவற்றினும் குறைவாகவே கிளைவிடுகின்றன. அவற்றைச் சூழ்ந்த தசையும் சொற்பம். சிறுவயதிலே தொடங்கி, தடிமற் காய்ச்சலாலும் புகையாலும் ஆண்டுக்கணக்கில் வளரும் நோயைச் சில வார ஆய்வு முழுமையாக உணர்த்தவியலாது.

2009இல் வரலாறு மீண்டும் திரும்பியது. தோற்றதாகக் கருதப்பட்ட அதே மருந்து, இயோசினோபில் கலங்கள் மிகுந்திருந்த நோயாளரைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கப்பட்டபோது, கடுந்தாக்குதல்களின் எண்ணிக்கை குறைந்தது. 2015இல் அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எலி பொய் கூறவில்லை. ஒரு வகைத் தொய்வைப் பற்றி அது கூறியதை எல்லா வகைத் தொய்வுக்கும் உரியதாகக் கொண்டதே மனிதர் செய்த பிழை. நோயின் ஓர் இழையைப் பிரித்துக் காட்டச் சுண்டெலி வல்லது. நோய் முழுவதையும் அறிய நோயாளியிடமே செல்லல் வேண்டும்.