ஒத்தை முள், மூணு முள்

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க பக்கத்துக் கண்மாய்களுக்கு விரால் பிடிக்க வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, லூர்ல இருந்த முள்ளு துருப்பிடிச்சுப்போச்சு, வளைஞ்சுபோச்சு. மாத்துறதுக்கு எது வாங்கலாம்?" லூர் என்றால் தெரியாதவர்களுக்கு: ரப்பர் தவளை, பிளாஸ்டிக் மீன் மாதிரியான பொய் இரை. கேள்வி சின்னதுதான். ஆனால் முழுசா பதில் சொல்லணும்னா சிம்மக்கல்லுக்கு வடக்கே இருக்கிற வைகைக் கரையில் ஆரம்பிக்கணும், அதுவும் சுமார் ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போய்.

அகநானூற்றின் 36-ஆம் பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. வையைத் துறையும் கரையோர மருதமரச் சோலையும் அதில் வருது. தலையாலங்கானத்துப் போர் வருது. எனக்குப் பிடிச்ச ஆள் ஆனால் முதல்ல வர்ற ஒரு பெரிய விரால். வளைந்த இரும்பில் கோத்த இரையை அது விழுங்கிடுது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதைய எகிறுது. தூண்டில்காரன் இழுக்கிறான், வரமாட்டேங்குது. கயிறு போட்ட கோபக்காரக் காளை மாதிரி விடியக்காலையில் அந்தக் குளத்தையே கலக்குது. வடம் போட்ட காளையை இழுத்துப் பார்த்தவனும் விரால் மாட்டின தூண்டிலைப் பிடிச்சவனும்தான் இந்த உவமையைச் சொல்ல முடியும். புலவர் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கார்னு நான் நம்புறேன்.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, முள் இரும்பு. எலும்பும் செம்பும் அப்பவே பின்தங்கிடுச்சு. இன்னொண்ணு, மீன் பாசிக்குள்ளேயும் கொடிக்குள்ளேயும் பூந்து இத்தனை கலாட்டா பண்ணியும் இழுபறி நடந்துகிட்டே இருக்கு, முள் நிமிரலை. விரால் வாய் எலும்பு வாய். மெல்லிசுக் கம்பியை அது நிமித்திட்டுப் போயிடும். சங்ககாலத்துக் கொல்லன் அடிச்ச முள் விராலுக்குன்னே தடிமனா அடிச்ச முள்ளாத்தான் இருக்கணும்.

திருவள்ளுவரும் சூதாட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது தூண்டிலைத்தான் உவமைக்கு எடுத்தார். சூதில் ஜெயிச்ச காசு, மீன் விழுங்கின தூண்டில் 'பொன்' மாதிரியாம். அந்தப் பொன் தங்கம் இல்லை, இரும்பு. பழந்தமிழில் பொன் என்றால் உலோகத்துக்கே பொதுப்பேர்.

உலகத்தில் இதைவிடப் பழைய முள் இருக்கு. ஜப்பானின் ஒகினாவா தீவில், சகிதாரி குகையில் சுமார் 23,000 வருஷம் பழமையான முள் கிடைச்சிருக்கு, கடல் சிப்பியைத் தேய்ச்சுச் செஞ்சது. மொகஞ்சதாரோவில் கிடைச்ச செம்பு, வெண்கல முள்களில் எதிர்முள் இருக்கு. எதிர்முள் என்றால் நுனிக்கு உள்பக்கம் பின்னோக்கி நிற்கிற குட்டிச் செதுக்கு. குத்தினதை உருவ விடாமல் தடுக்கிறது அதுதான். ஆக நாலாயிரம் வருஷத்துக்கு மேலாச்சு, முள்ளோட வடிவம் பெரிசா மாறலை. ஒத்தைக் கம்பி, ஒரு வளைவு, ஒரு நுனி.

எங்க தாத்தா காலத்தில் ஊர்க் கொல்லுப்பட்டறையில் ஆசாரி கலப்பைக் கொழு அடிச்சு முடிச்ச மிச்ச நேரத்தில் தூண்டில் முள்ளும் வளைச்சுத் தருவாராம். கூலியாக நெல்லு, இல்லேன்னா பிடிச்ச மீனில் பங்கு. பையன்களுக்குக் குண்டூசி வளைச்ச முள்ளே போதும், கெண்டைக்கு அது தாராளம்.

அந்தப் பட்டறை வேலை போனது எப்படி? இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் ஊசி செய்யறதுக்குப் பேர்போனது. ஊசி செய்யத் தெரிஞ்சவனுக்கு முள் செய்யத் தெரியாதா? அங்கேயே முள் தொழிலும் வளர்ந்தது. நார்வேயில் 1832-ல் ஆணி, கம்பி செய்ய ஆரம்பிச்ச கம்பெனிதான் பிற்பாடு முஸ்டாட். அங்கே மத்தியாஸ் டோப் என்கிற ஆள் கண்டுபிடிச்ச எந்திரத்தை வெச்சு 1877-ல் முள் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. கம்பியை உள்ளே விட்டால் முள்ளாக வெளியே வரும். ஒவ்வொண்ணா நெருப்பில் காய்ச்சி வளைக்கிற ஆசாரி அதுக்கு முன்னாடி எப்படி நிற்பார்? நெசவுக்கு நடந்த கதையை எல்லாரும் எழுதியாச்சு. தூண்டில் முள்ளுக்கும் அதேதான் நடந்தது, அழுவதற்குத்தான் ஆள் இல்லை.

இதே காலத்தில் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1873-ல் ஒரு புத்தகம் எழுதினார். மாசீர் மீன் சீமை முள்ளைத் தாடையால் நசுக்கிடுது, அதனால் கனமான முள் வேணும்னு அதில் புலம்பல் இருக்கு. விராலுக்குத் தவளை வைக்கிறதும் அதில் வருது. அவர் ஊரு மீனுக்கு அடிச்ச முள் நம்ம ஊரு மீனுக்கு ஆகலை, அவ்வளவுதான். முள் மாற்றுவது பற்றிய இன்றைய கேள்வி அன்னைக்கே இருந்திருக்கு.

மூணு முள் ஒண்ணா சேர்ந்த 'ட்ரெபிள்' நம்ம கண்மாய்க்குள் வந்தது ரொம்பப் பின்னாடி, லூரோடதான். வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன். நம்ம விரால் மாதிரியே பாசிக்குள் பதுங்கி நின்னு பாயுற ஜாதி, உருவம் மட்டும் பல மடங்கு. அதுக்குச் செய்த பெரிய லூர்களில் ரெண்டு, மூணு ட்ரெபிள் தொங்கும். அங்கே மஸ்கி பிடிப்பவர்கள் பெரும்பாலும் மீனைத் திருப்பி விட்டுடுறாங்க. அதுக்காகவே முள்ளை வெட்டுற கட்டர் ஒண்ணு கையில் இருக்கும். கழட்ட முடியலேன்னா முள்ளையே வெட்டிப்போட்டு மீனைத் தண்ணியில் விடுவாங்க. நம்ம ஊருக்கு லூர் வந்தது, ட்ரெபிள் வந்தது. கட்டர் வரலை.

இனி என் வழக்கு. கண்மாய் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தண்ணி. எங்களுக்கு அது வருஷத்தில் பாதி நாள் காஞ்ச நிலம். தண்ணி வத்தினால் ஆடு மாடு உள்ளே மேயும். கோடையில் கரம்பை மண் அள்ளி வயலுக்கு அடிப்போம். 2017-ல் அரசாங்கமே இலவசமா அள்ளிக்கச் சொன்னது. தண்ணிக்குள் கருவேல வேரில் சிக்கி அறுந்த லூர் எங்கேயும் போகாது, அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ரெண்டு கோடைக்கு முன்னாடி என் வெள்ளாடு ஒண்ணு புல்லோடு சேர்த்து ஒரு ட்ரெபிளை வாயில் வாங்கிடுச்சு. ஒரு நுனி உதட்டில், ஒரு நுனி நாக்கில். ஒண்ணை எடுக்க இழுத்தா இன்னொண்ணு ஆழமா இறங்குது. கடைசியில் கம்பி வெட்டுற குறடு வெச்சுத் துண்டு துண்டா நறுக்கித்தான் எடுத்தோம். ஒத்தை முள்ளா இருந்திருந்தா நுனியை வெளியே தள்ளி, எதிர்முள்ளை வெட்டிட்டு, ரெண்டு நிமிஷத்தில் உருவியிருக்கலாம். கரம்பை அள்ளப் போறவன் வெறுங்காலில் போறான், அதையும் நினைச்சுக்கங்க.

அதனால் எந்த முள் என்று கேட்டால் ஒத்தை முள் என்றுதான் சொல்வேன். நம்பரில் குழம்பாதீங்க. 1-க்குக் கீழே நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும்: 4-ஐவிட 8 சின்னது. 1-க்கு மேலே 1/0, 2/0 என்று போகப்போக பெரிசாகும். ஆனால் ஒரு கம்பெனி 4-ம் இன்னொரு கம்பெனி 4-ம் ஒரே அளவு இருக்கும்னு சொல்ல முடியாது, அதனால் பழைய முள்ளைக் கையோட கொண்டுபோய் வெச்சுப் பார்த்து வாங்குங்க. 4-ஆம் நம்பர் ட்ரெபிள் இருந்த இடத்தில் 1 அல்லது 1/0 ஒத்தை முள் சரியா வரும். சாதாரண முள்ளை லூர் வளையத்தில் மாட்டினால் ஒருக்களிச்சுத் தொங்கும். லூருக்குன்னே காதைத் திருப்பி வெச்ச 'இன்லைன்' முள் கேளுங்க. மாட்டினதும் ஒரு வாளித் தண்ணியில் போட்டுப் பாருங்க. மிதக்க வேண்டிய லூர் முங்கினாலோ சாய்ஞ்சாலோ முள் கனம் ஒத்துவரலை. ரெண்டு முள் இருந்தால் ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது.

ரப்பர் தவளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் ரெட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், பாசியில் சிக்காது. அது மழுங்கினால் அரத்தால் தீட்டினாலே போதும்.

விராலுக்குக் கம்பி தடிமன் முக்கியம், அதில் காசு பார்க்காதீங்க. துருப்பிடிக்காத ஸ்டீல் முள்ளைக் கடைக்காரர் பெருமையா எடுத்துக் காட்டுவார். கண்மாய்க்கு அது வேண்டாம். அறுந்து உள்ளே போனால் உங்க பேரன் காலம் வரைக்கும் கூர் குறையாம கிடக்கும். சாதாரண முள் மெல்ல இத்து உதிர்ந்துடும். எதிர்முள்ளைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிடுங்க. நரம்பை மட்டும் தொய்ய விடாம இழுங்க, மீன் தப்பாது. செங்குஞ்சுக் கூட்டத்தோடு சுத்துற தாய் விரால் மாட்டினால் அப்படியே உருவி விட இது ரொம்பத் தோது. அதை எடுத்துட்டா அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் காலி பண்ணிடும்.

கழட்டின பழைய ட்ரெபிளைக் கரையிலேயே போட்டுட்டுப் போகாதீங்க. ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வெச்சு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்க.