அடுத்த வசனம் யார் கையிலும் இல்லை

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதல் தடவை போட்டது 1000 பிரதிகள். விளையாடத்தான் வாங்கினார்கள். 2025 ஜனவரியில், குத்துச்சண்டைக்கும் கூடைப்பந்துக்கும் பேர்போன நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 20,000 பேரை நெருங்கும் கூட்டம் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தது. மேடையில் சிலர் அதே விளையாட்டை ஆடினார்கள். கூட்டம் அதைப் பார்த்தது.

இந்த இரண்டு ஜனவரிகளுக்கும் நடுவே நடந்ததைச் சொல்லவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நான் டப்பிங் கலைஞர். சாலிகிராமத்தில் கதவு சாத்திய அறையில், மைக் முன்னால் நின்று, திரையில் வேறொருத்தி வாயசைக்கும் அளவுக்குள் என் குரலை அடக்குவது என் பிழைப்பு. கையில் பேப்பர் இருக்கும். அடுத்த வசனம் அதில் இருக்கும். இந்த வரலாற்றை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் எங்களைப் போன்ற குரல் கலைஞர்கள். அதுவும் பேப்பர் இல்லாமல் பேசியவர்கள்.

விளையாட்டின் அடிப்படை எளிது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘எதிரே பூட்டிய கதவு’ என்பார் டி.எம். ‘உடைக்கிறேன்’ என்பார் ஒருவர். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். உடையாவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். டி.எம். மனத்தில் என்ன வைத்திருந்தாலும் பகடைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும்.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது சுகமான காரியமில்லை. நாலு மணி நேர ஆட்டத்தில் பெரும்பகுதி கூட்டல் கழித்தலுக்கும் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதற்கும் போய்விடும். ஆடுபவருக்கு அது தெரியாது, அவர் தலைக்குள் அரண்மனை எரிந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்குத் தெரிவது பென்சிலும் காகிதமும். ஆகவே இதை வேடிக்கையாக்க முதலில் யாராவது அந்தப் பென்சில் நேரத்தை வெட்டியெறிய வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். கேமராவே இல்லாமல் செய்தார்கள்.

1986இல் ‘காம்ப்டிக்’ என்ற ஜப்பானியக் கம்ப்யூட்டர் விளையாட்டு இதழில் ஒரு தொடர் ஆரம்பித்தது. ஹிதோஷி யாசுதா நடத்திய ‘குரூப் எஸ்.என்.இ.’ என்ற குழு உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடியது. டி.எம். இடத்தில் ரியோ மிசுனோ. ஆடியபோது பேசியதை நாடகப் பிரதி மாதிரி, யார் என்ன சொன்னார்கள், பகடை என்ன விழுந்தது, எங்கே சிரித்தார்கள் என்பது உட்பட அச்சில் போட்டார்கள். இதற்கு ‘ரீப்ளே’ என்று பெயர் நிலைத்தது. ஆட்டம் எப்படிப் போகும் என்று தெரியாத வாசகருக்கு அதுதான் பாடப்புத்தகம். ஆடவே ஆடாதவருக்கு அது தொடர்கதை.

அந்தக் கதைதான் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’. அதில் டீட்லிட் என்று ஒரு வனதேவதைப் பெண் வருவாள். நீண்ட காது, மெல்லிய வாள், எடுத்தெறிந்து பேசும் சுபாவம். ஜப்பானிய மாயக்கதைகளில் பிறகு வந்த இப்படிப்பட்ட பெண்கள் பலருக்கு இவள்தான் மூத்தவள். மேசையில் உட்கார்ந்து இவளாக ஆடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். ஆண். 1988இலிருந்து மிசுனோ அதை நாவல்களாக எழுதினார். 1990இல் 13 பகுதி அனிமே வந்தது. அதில் டீட்லிட்டுக்குக் குரல் யூமி தோமா. ஓர் ஆண் போகிற போக்கில் நண்பர்களிடம் பேசியதில் உருவான பெண், அச்சு வழியாக, நாவல் வழியாக நடந்து ஒரு குரல் கலைஞரின் மைக்குக்கு வந்து சேர்கிறாள். அந்தத் தொடரை நான் கேட்கும்போதெல்லாம் இந்தப் பாதை நினைவுக்கு வரும். விளையாட்டு, அதைப் பார்க்கும் கூட்டம், பிறகு புத்தகம், பிறகு அனிமேஷன். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

அதே எண்பதுகளில் அமெரிக்காவில் நிலைமை வேறு. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போக, அவர் ஆடிய விளையாட்டின் மேல் பழி விழுந்தது. 1982இல் இளம் டாம் ஹாங்க்ஸை வைத்து, இப்படிப்பட்ட ஆட்டத்தால் புத்தி பேதலிப்பதாக ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படமே எடுத்தார்கள். சாத்தான் வழிபாடு என்று தேவாலயங்கள் பேசின, பெற்றோர் புத்தகங்களைப் பறித்தார்கள். தலைமறைவாக ஆட வேண்டிய ஒன்றை ஊர் கூட்டி ஆடிக்காட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தப் பயம் தேய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 2008இல் விளையாட்டின் நான்காம் பதிப்பை விளம்பரம் செய்ய, அதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ‘பென்னி ஆர்கேட்’ படக்கதைக்காரர்களை உட்காரவைத்து ஆடச்செய்து பாட்காஸ்ட்டாக வெளியிட்டது. டி.எம். கிறிஸ் பெர்கின்ஸ். விளம்பரமாகப் பிறந்த அந்த ‘அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட்’ 2010இல் ‘பேக்ஸ்’ என்ற விளையாட்டு மாநாட்டு மேடைக்கே ஏறியது. ஆடுபவர் பகடையை உருட்டியதும் அரங்கமே ஆரவாரித்தது.

2014இல் மெக்எல்ராய் சகோதரர்கள் மூவர். அவர்களில் ஒருவரான ஜஸ்டின் குழந்தை பிறந்ததற்காக விடுப்பு எடுக்க, அவர்களுடைய நகைச்சுவை பாட்காஸ்ட்டில் ஒரு வாரத்து இடைவெளியை நிரப்ப அப்பா கிளின்ட்டையும் சேர்த்துக்கொண்டு ஆடியதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். கிளின்ட் மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். விதிகள் அவருக்குப் பிடிபடவே இல்லை, பிள்ளைகள் பொறுமையிழப்பார்கள், அவர் அந்த வானொலிக் குரலில் சமாளிப்பார். நாலு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் ஒருவர் வாயெடுப்பதற்கு முன்பே மற்றவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடைவெளி நிரப்பிதான் ‘தி அட்வெஞ்சர் ஜோன்’ ஆனது. 2018இல் அதன் முதல் படக்கதைப் புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இப்போது என் ஆட்களுக்கு வருகிறேன்.

2012இல் லாஸ் ஏஞ்சலஸில் லியம் ஓ’பிரையன் என்ற குரல் கலைஞரின் பிறந்தநாளுக்காக அவருடைய நண்பர் மேத்யூ மெர்சர் ஓர் ஆட்டம் நடத்தினார். அங்கே கூடியவர்கள் ஆங்கில டப்பிங்கில் தேர்ந்தவர்கள். மெர்சர் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரின் லீவாய்க்கு ஆங்கிலக் குரல். டிராவிஸ் வில்லிங்ஹாம் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டின் ராய் மஸ்டாங். லாரா பெய்லி டெக்சாஸில் அனிமே டப்பிங்கில் பழகி வந்தவர். நாளெல்லாம் ஜப்பானிய வாயசைப்புக்குள் ஆங்கிலத்தைத் திணித்துவிட்டு, மாலையில் அளவே இல்லாத வசனம் பேசக் கூடினார்கள். ஒரு நாள் கூத்தாக முடியவேண்டியது இரண்டு வருடத்துக்கு மேல் நீண்டது. அவர்களில் ஒருவரான ஆஷ்லி ஜான்சன் வழியாக விஷயம் ஃபெலீசியா டேயின் காதுக்குப் போனது. அவருடைய ‘கீக் அண்ட் சண்ட்ரி’ சேனலில் 2015 மார்ச் 12 அன்று நேரலையாக ஆடத் தொடங்கினார்கள். ‘கிரிட்டிக்கல் ரோல்’ பிறந்தது.

கதையின் நடுவில் தொடங்கியது, ஒளியமைப்பு சுமார், மேசையில் தின்பண்டம். எதையும் வெட்டவில்லை. ஜப்பானியர்கள் வெட்டிப்போட்ட பென்சில் நேரம் முழுதும் அப்படியே இருந்தது. ஆனால் இந்த மேசையில் கூட்டல் போடுகிறவரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. எண் போதாது என்று தெரிகிற அந்த நொடியில் ஓர் உண்மையான நடிகரின் முகம் எப்படி மாறும் என்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் முகமே வெளியே வராது. குரலுக்குப் பின்னாலிருந்த முகங்கள் வந்து உட்கார்ந்ததாலேயே எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம்.

ஒளிபரப்பு அங்கே வியாழன் இரவு ஏழு மணி, கோடைக்காலத்தில் நமக்கு வெள்ளி காலை ஏழரை. ஒன்பது மணி கால்ஷீட்டுக்குக் கிளம்பும்முன் பாதி பார்ப்பேன், மீதி இரவில்.

2018 ஜூலை ஒளிபரப்பு ஒன்றைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பெய்லிக்கும் வில்லிங்ஹாமுக்கும் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ஜான்சன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வேலையில் இருந்தார். மூன்று பேர் வரமுடியாது. அவர்களுடைய மூன்று பாத்திரங்களையும் ஆள்கடத்தும் கும்பல் பிடித்துக்கொண்டு போனதாக மெர்சர் கதையைத் திருப்பினார். மிச்சமிருந்தவர்கள் மீட்கப் போனார்கள். காயத்தை ஆற்றும் மந்திரத்தில் தேர்ந்த பாத்திரம் பெய்லியுடையது. அவளும் கும்பலின் பிடியில். சண்டையில் டாலீசன் ஜாஃபியின் பாத்திரமான மாலிமாக், தன் சாபத்தைப் பிரயோகித்தான். அந்தச் சாபத்துக்கு விலை அவன் ரத்தம்தான், அதுதான் விதி. விலை கொடுத்ததில் சுருண்டு விழுந்தான். விழுந்தவனைக் கும்பலின் தலைவன் கொன்றான்.

அவனை எழுப்ப யாரிடமும் வழியில்லை. மேசையைச் சுற்றி எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். இரண்டாம் கதையின் இருபத்தாறாவது பகுதி அது; ரசிகர்களுக்கு மிகப் பிடித்த பாத்திரங்களில் ஒன்று. தொடர் எழுதும் எந்த எழுத்தாளரும், எந்தத் தயாரிப்பாளரும் அந்த இடத்தில் அவனைச் சாகவிட மாட்டார்கள். ஒரு பிரசவமும், தள்ளமுடியாத ஒரு படப்பிடிப்பும், சில பகடைகளும் சேர்ந்து அந்தக் காட்சியை எழுதின. மரணக்காட்சிகள் நானும் எத்தனையோ பேசியிருக்கிறேன். அழுகை எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று பேப்பரில் கோடு போட்டிருக்கும். அன்று அவர்கள் முகங்களைப் பார்த்தபோது, நடிப்பு தொடங்குவதற்கு முன்னால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். மக்கள் பார்ப்பது இதைத்தான் என்பது என் முடிவு. கதை நன்றாக இருக்கலாம், சுமாராக இருக்கலாம். தேர்ந்த கலைஞர்கள் கையில் பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொண்டு, அந்த நொடியிலேயே பேசித் தீரவேண்டிய நிலை இருக்கிறதே, அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

2019 மார்ச்சில் தங்கள் முதல் கதையை அனிமேஷன் ஆக்க 7,50,000 டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் கையேந்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தொகையைத் தாண்டியது. முடிவில் 88,887 பேர் கொடுத்தது ஒரு கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல். 2022 ஜனவரியில் ‘தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாகினா’ அமேசான் பிரைமில் வந்தது. விளையாட்டு, பார்க்கும் கூட்டம், படக்கதைப் புத்தகம், அனிமேஷன். லோடாஸ் போன அதே பாதை, முப்பது வருடம் கழித்து, ஜப்பானிய அனிமேவுக்கு டப்பிங் பேசி வளர்ந்தவர்கள் கையால். தொடரில் அவரவர் பாத்திரத்துக்கு அவரவரே பேசுகிறார்கள். அருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் அதில் பேப்பர் இருக்கிறது. கேட்டால் எனக்குத் தெரிகிறது.

பணம் வந்த பிறகு இந்தக் கலை பல வழியில் பிரிந்தது. 2018இல் தொடங்கிய ‘டைமென்ஷன் 20’ நேரலையை விட்டு, எடிட் செய்த குறுந்தொடர் வடிவத்துக்குப் போனது. அதை நடத்தும் பிரெனன் லீ மல்லிகன் மூச்சுவிடாமல் பேசக்கூடியவர். மேடிசன் ஸ்கொயர் கார்டனை நிரப்பியது இந்தக் குழுதான். இன்னொரு பக்கம், வீட்டில் ஆடும் பிள்ளைகள் தங்கள் டி.எம். மெர்சர் மாதிரி இல்லையே என்று குறைப்படுவதற்கு ‘மெர்சர் எஃபெக்ட்’ என்று பெயரே வந்துவிட்டது. அந்தக் குறை நியாயமில்லை. மெர்சர் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வாழ்நாளெல்லாம் குரலைப் பழக்கியவர்கள். கச்சேரி கேட்டுவிட்டு வந்து, தாலாட்டு பாடும் அம்மாவிடம் சுருதி பார்ப்பார்களா?

2025 அக்டோபர் 2 அன்று ‘கிரிட்டிக்கல் ரோல்’ நான்காம் கதையைத் தொடங்கியது. 13 பேர், மூன்று குழுக்கள். டி.எம். நாற்காலியில் மல்லிகன். பத்து வருடமாக அந்த நாற்காலியில் இருந்த மெர்சர் இப்போது ஆடுபவர்களில் ஒருவர். இத்தனை காலம் ஊர், மலை, அரசன், பூதம் என்று எல்லாக் குரலையும் அவர் ஒருவரே பேசினார். இப்போது அவருக்கு ஒரு குரல்தான். அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரியாது. நான் இப்போது அவர் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன்.