வாஞ்சியின் கையில் இருந்தது ரிவால்வர் அல்ல

சில வருடங்களுக்கு முன் ஆஷ் கொலை பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில் வாஞ்சிநாதன் "ரிவால்வரால் சுட்டார்" என்று போட்டிருந்தேன். யாரும் தவறு என்று சொல்லவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் எழுதுகிறோம், சினிமாவிலும் அப்படித்தான். துப்பாக்கி என்றால் துப்பாக்கி, இதில் என்ன இருக்கு என்று நானும் நினைத்தேன்.

ஆனால் அது ரிவால்வர் இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அன்றைய வழக்கில் "ஆட்டோமேட்டிக்" என்பார்கள். இன்றைக்கு செமி ஆட்டோமேட்டிக் என்போம். இந்த ஒரு சொல் மாறினால் கதையில் என்ன மாறும் என்பதுதான் இந்தப் பதிவு.

எனக்கு இதைப் புரியவைத்தவர் திருநின்றவூரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பிஸ்டல்களில் அடிக்கடி வரும் கோளாறு எது சார் என்று கேட்டேன்.

"மூடாது, தம்பி. ஸ்லைடு பின்னால போயிட்டு முன்னால வரும். முக்கால்வாசி வந்து நின்னுடும். பார்த்தா மூடின மாதிரியே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும். விசையை இழுத்தா ஒண்ணும் நடக்காது."

ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் ஒரு உருளையில் இருக்கும். ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டல் அப்படி இல்லை. வெடித்த வேகத்தில் ஸ்லைடு பின்னால் போகிறது, காலிக் கூட்டை வெளியே தள்ளுகிறது. பிறகு ஒரு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு வந்து சேம்பரில் வைத்து மூடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். கடைசி ஒரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டால், கையால் சரிசெய்யும் வரை அது வெறும் இரும்புத் துண்டு.

ஏன் நிற்கிறது? "உடனே ஸ்பிரிங் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க" என்றார். அவர் சொன்ன வரிசை இது. முதலில் அழுக்கு: காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய், சேம்பரில் படிந்த கரி. அடுத்து தோட்டா: நசுங்கியதோ பச்சை பூத்ததோ சேம்பருக்குள் முழுசாக உட்காராது. மூன்றாவது துரு. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங். கடைசியாக ஆள்: ஸ்லைடை இழுத்து சட்டென்று விடாமல் கையோடு கூட்டிக்கொண்டு போய் மெதுவாக விட்டால் மூடாது, சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தாலும் மூடாது. "எதுவானாலும் தட்டி அடைக்கக் கூடாது. உள்ளே தோட்டா இருக்கு."

(தாத்தா காலத்துப் பிஸ்டல் லைசென்ஸோடு வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இதெல்லாம் நாம் பிரித்துப் பார்க்கும் வேலை அல்ல. ஆயுதங்களைப் பழுதுபார்க்கவே 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.)

இப்போது 1911க்குப் போவோம். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் ஊரில் எஃப்.என். தொழிற்சாலை தயாரித்த முதல் பிஸ்டல், 1900 மாடல். 7.65 மி.மீ. தோட்டா, மேகசினில் ஏழு. இதன் வடிவமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. குழலுக்கு மேலே இருக்கும் ஒரே ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது: ஸ்லைடை மூடுவதும் அதுதான், ஊசியைத் தோட்டாவில் அடிக்க வைப்பதும் அதுதான். சாஃப்ட்வேரில் இதை ஒற்றைத் தோல்விப் புள்ளி என்போம். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் மூடுவதும் சந்தேகம், மூடினாலும் வெடிப்பது சந்தேகம்.

அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து வெடித்தபின் ஒரு வகை உப்பை விட்டுச்செல்லும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்டுப் பழகிவிட்டு உடனே கழுவித் துடைக்காமல் வைத்தால் என்ன ஆகும்? அதுவும் புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில்?

புதுச்சேரியை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 1911 தொடக்கத்தில் வாஞ்சி அங்கே போனார், வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார். இதைப் படிக்கும்போதெல்லாம் "குறி பார்க்கப் பழகினார்" என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் சுட்டது சில அடி தூரத்தில். அதற்குக் குறி பார்க்கும் பயிற்சி அவ்வளவு தேவையில்லை. தேவைப்பட்டது இந்த எந்திரத்தோடு பழக்கம்: ஸ்லைடை எப்படி இழுத்து விடுவது, எப்படி இறுக்கிப் பிடிப்பது, நின்றுபோனால் என்ன செய்வது, எப்படித் துடைத்து வைப்பது. புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த 25 வயது இளைஞருக்கு இது முற்றிலும் புதிய கருவி.

ஐயர் லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து வந்தவர். 1909இல் அங்கிருந்துதான் சாவர்க்கர் 20 பிரவுனிங் பிஸ்டல்களை சதுர்புஜ் அமீன் மூலம் இந்தியாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்றால்தான் அந்த டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். உலகம் முழுக்க இதே கதைதான். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவ், 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமி. இருவரையும் வீழ்த்தியது எஃப்.என். 1900. 1914இல் சரயேவோவில் வெடித்தது அதன் தம்பி, 1910 மாடல். சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டையான எந்திரம் அந்தப் பத்து வருடங்களின் அரசியலையே மாற்றியிருக்கிறது.

1911 ஜூன் 17, மணியாச்சி. போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் மனைவி மேரியோடு காத்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கொலை பற்றியும், அவர் பையில் இருந்த கடிதத்தின் சாதி மனம் பற்றியும் நிறைய விவாதம் உண்டு. அது வேறு பதிவு.

நான் பார்ப்பது பெட்டிக்கும் கழிவறைக்கும் இடையிலான அந்தச் சில நொடிகளை. முதல் குண்டு வெடித்தபின் ஸ்லைடு கடைசி மில்லிமீட்டர் வரை மூடியிருந்தால்தான் அடுத்தது வெடிக்கும். மூடாமல் நின்றிருந்தால்? வாஞ்சி உயிரோடு பிடிபட்டிருப்பார். ஆஷ் கொலை வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றவாளியாக இருந்திருக்க மாட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் வாஞ்சியே நின்று பேசியிருப்பார். அவர் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு கடிதம் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்காது.

ஓடும்போதே கையால் இழுத்துச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருக்கலாம். அதற்கும் புதுச்சேரிப் பயிற்சி வேண்டும். ரிவால்வர் என்று எழுதும்போது அந்தப் பயிற்சிக்கான காரணம் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது; வெறும் ஆவேசம்தான் மிஞ்சுகிறது.

பழைய குறிப்பில் அந்தச் சொல்லைத் திருத்திவிட்டேன்.