ஐஸ் ஹவுஸ் பள்ளிக்கூடமும் நம் நாவலும்

நம் ஆரம்பகால நாவலாசிரியர்களுக்கு விதவை என்பவள் விட்டு விலக முடியாத விஷயமாக இருந்தாள். மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இல் வந்தது. பாரதி முடிக்காமல் விட்டுப்போன ‘சந்திரிகையின் கதை’யில் விசாலாட்சி என்ற இளம் விதவை சென்னைக்கு வந்து ஜி. சுப்பிரமணிய ஐயரையும் வீரேசலிங்கம் பந்துலுவையும் சந்திக்கிறாள். இருவரும் நிஜப் பெயரிலேயே கதைக்குள் வருகிறார்கள். இந்த நாவல்களின் அக்கறை உண்மையானது. அதைக் குறை சொல்வது என் எண்ணமில்லை. ஆனால் இவற்றிலும், இவற்றின் வழியில் வந்த எத்தனையோ தொடர்கதைகளிலும், விதவைக்குப் போக்கிடம் இரண்டுதான். ஒன்று கல்யாணப் பந்தல். இன்னொன்று கிணறு. மூன்றாவதாக ஓர் இடம் சென்னைக் கடற்கரையில் கண்ணெதிரே இருந்தது. அது ஒரு பள்ளிக்கூடம். அதை நம் இலக்கியம் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது சரித்திரக் கேள்வி மட்டுமல்ல, விமர்சனக் கேள்வியும்கூட என்று எனக்குப் படுகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த வைதீகக் குடும்பம். தந்தை சுப்பிரமணிய ஐயர் மராமத்து இலாகா என்ஜினியர். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறிய பெண்ணுக்குப் பதினொரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவன் இறந்துபோனான். வழக்கம் சொன்னபடி பெண்ணை மூலையில் உட்கார்த்தி வைக்காமல் அந்தத் தந்தை படிக்க வைத்தார். கன்னிமடப் பள்ளி, அதற்குப் பிறகு பிரஸிடென்ஸி காலேஜ். 1911இல் பி.ஏ. தேறியபோது சென்னை ராஜதானியின் பிராமண விதவைகளில் அவர்தான் முதல் பட்டதாரி. மறு வருஷம், 1912இல், சாரதா லேடீஸ் யூனியன் என்ற சங்கத்தையும் பால்ய விதவைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதியையும் தொடங்கினார். எழும்பூரில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களோடு. சித்தி வாலாம்பாள், அவரும் விதவை, குடித்தன நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

அரசாங்கம் இதில் ஏன் ஆர்வம் காட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸாக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற பெண்மணி சுப்புலட்சுமிக்குப் பக்கபலமாக இருந்தார். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தால் கற்பிக்க ஆசிரியைகள் வேண்டும். வைதீக வீட்டுச் சுமங்கலி வேலைக்கு வரமாட்டாள். கன்னிப் பெண்ணோ பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் சுமங்கலியாகிவிடுகிறாள். மிஞ்சியவள், வீட்டின் பின்கட்டில் கிடந்த விதவை. கருணையும் கணக்கும் கலந்த திட்டம் இது. கணக்கு கலந்திருந்ததால்தான் நிலைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

விடுதி எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்கு வந்து, பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க டியூடர் கம்பெனி கட்டிய வட்டக் கட்டடம் அது. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க முடிந்த பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிளிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். 1917இல் அரசாங்கம் அதை விதவைகள் விடுதிக்காக வாங்கியது. 1922இல் அதை ஒட்டியே லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதனுடன் சேர்ந்த மாதிரிப் பள்ளியும் வந்தன. சுப்புலட்சுமி முதல் பிரின்ஸிபால். மயிலாப்பூர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ராணி மேரிக் கல்லூரி, 1914இல் ஆரம்பித்தது. ஆக, அரிச்சுவடியிலிருந்து பி.ஏ. வரைக்கும் ஒரு பெண் அந்தக் கடற்கரைச் சாலையிலேயே படித்துவிடலாம் என்ற நிலை பத்தே வருஷத்தில் உண்டாகிவிட்டது.

இந்தப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது? படிப்பு கொடுத்தது, உத்தியோகம் கொடுத்தது என்று ஆண்டறிக்கை பாணியில் சொல்லிவிடலாம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. விதவைக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருந்தது. ஏகாதசி, அமாவாசை, கணவனின் திதி. மற்றவர்களுக்கு வரும் கல்யாணம், சீமந்தம், மஞ்சள் குங்குமம் எதிலும் அவளுக்கு இடம் கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து எழுபது வயது வரை அதே வருஷம்தான் திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூடம் அவள் கையில் வேறொரு காலண்டரைக் கொடுத்தது. பாட வேளைக்கு மணி, மாதப் பரீட்சை, வருஷப் பரீட்சை, ரிசல்ட், அடுத்த வகுப்பு. போன வருஷம் மூன்றாம் பாரம் என்றால் இந்த வருஷம் நான்காம் பாரம். பெயிலானால் அழலாம், அது கணவனுக்காக அழுகிற அழுகை அல்ல. கணக்குப் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று ஒரு பால்ய விதவை அழுகிறாள் என்றால், அவள் வாழ்க்கையில் ஏதோ நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, கூட்டம். வீட்டில் அவள் தனி ஆள். எதிரே வந்தால் சகுனத் தடை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு நிறைய அவளைப் போன்றவர்கள். ஒருத்தி எதிரே வந்தால் உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். புத்தகமும் கையுமாகப் பத்து இருபது பேர் வந்தால் தெரு எத்தனை தடவை தண்ணீர் குடிக்கும்?

மூன்றாவது, ஒரு சொல். நம் சமூகத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டுமென்றால் உறவைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மாமி, மன்னி, அத்தை, பாட்டி. பெரும்பாலும் அந்த உறவு ஓர் ஆண் மூலமாகத்தான் வருகிறது. விதவையைக் குறிக்க இருந்த சொற்களோ வசைகள். ‘டீச்சர்’ என்ற சொல்லில் புருஷன் கிடையாது. இருக்கிறானா, செத்தானா என்பதும் அதில் தெரியாது. என் ஆரம்பப் பள்ளியில் வெள்ளைப் புடவைக்காரர் ஒருவர் எங்களுக்குக் கணக்குப் போட்டார். அவரை விதவை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. டீச்சர், அவ்வளவுதான். சுப்புலட்சுமியையும் ஊர் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டது. அதுவும் உறவுச் சொல்தான், ஆனால் யாருக்கும் கட்டுப்படாத உறவு.

இதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டும். சமையல், மடி, ஆசாரம் எல்லாம் வீட்டில் எப்படியோ அப்படியே. மறுமணம் விடுதியின் நோக்கமாக இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் நம்பி அனுப்ப வேண்டுமே என்ற நிர்ப்பந்தம். புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் பொதுப் பணத்தில் ஒரு ஜாதிக்கு மட்டும் இல்லமா என்ற கேள்விக்கு இது பதிலாகாது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாசலில் வந்து நின்றார்கள். நகரத்தில் ஜாதியின் பேரால் நடந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். பிற்பாடு அடையாற்றில் வேரூன்றிய அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியதுதான். ஐஸ் ஹவுஸின் கதையைச் சொல்பவர்கள் அவ்வை இல்லத்தின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கதை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். 1920 கடைசியில் சென்னை திரும்பிய பாரதி திருவல்லிக்கேணியில் குடியிருந்து 1921 செப்டம்பரில் இறந்தான். அவன் வீட்டிலிருந்து ஐஸ் ஹவுஸ் நடந்து போகிற தூரம். வை.மு. கோதைநாயகி நாவலுக்கு மேல் நாவலாக எழுதியதும் அதே திருவல்லிக்கேணியில்தான். தூரம் காரணமில்லை. தெரியாமல் இருந்திருக்கவும் முடியாது. கதை என்றால் ஒரு பெண்ணுக்கு ஓர் ஆணால் ஏதாவது நேர வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சீர்திருத்த நாவல் அவளுக்கு ஒரு நல்ல புருஷனைத் தேடிக் கொடுத்தது. மணிக்கொடிக் காலம் அவள் தாபத்தைக் கண்டுகொண்டது. இரண்டாவது முதலாவதைவிட இலக்கியார்த்தமானது, சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டிலும் அவள் இழந்தவள்தான். அல்ஜீப்ரா போடுகிறவளாக, சம்பளம் வாங்கி வீட்டுக்கு மணியார்டர் அனுப்புகிறவளாக, ஜில்லா போர்டுப் பள்ளிக்கு மாற்றலாகித் தனியாக ரயிலேறுகிறவளாக அவள் வரவில்லை.

சீர்திருத்தக்காரர்களுக்கு ஐஸ் ஹவுஸ் அரைகுறை. வைதீகர்களுக்கு அபசாரம். சமரசத்தில் நடக்கிற காரியத்துக்குப் பரிந்து பேச ஆள் கிடைப்பதில்லை. கோஷம் போட வாகான விஷயம் அல்ல அது. நாவலுக்கு வாகான விஷயம் அதுதான். ஆனால் கோஷத்திலிருந்து விஷயத்தை எடுத்துக்கொள்ளப் பழகிவிட்ட நம் நாவலாசிரியர்களுக்கு அது தட்டுப்படவில்லை. கடைசியில் சிஸ்டரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத மோனிகா ஃபெல்டன் என்ற இங்கிலாந்துக்காரி வர வேண்டியிருந்தது. கொரிய யுத்தத்தின்போது வட கொரியாவுக்குப் போய்வந்ததற்காக 1951இல் தம் நாட்டில் பதவி இழந்தவர். பிறகு சென்னையில் வந்து தங்கினார். அவருடைய புத்தகம் 1966இல் வந்தது, இங்கிலீஷில். சுப்புலட்சுமி 1969 டிசம்பரில் காலமானார்.

சிஸ்டர் தொடங்கிய சாரதா வித்யாலயா 1938இல் ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போய், தியாகராய நகரில் நடந்துவருகிறது. வயதுவந்த பெண்கள் படிக்க 1942இல் அவர் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். ஐஸ் ஹவுஸுக்கு 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது; இப்போது அங்கே அவரைப் பற்றிய கண்காட்சி. ஒன்பது நாள் தங்கியவரை ஊர் நினைவு வைத்திருக்கிறது, அது சரிதான். வருஷக்கணக்கில் தங்கிப் படித்த பெண்களை நினைவு வைக்கக் கண்காட்சி தேவையில்லை, ஒரு நாவல் போதும். நான் படித்த வரையில் அது இன்னும் எழுதப்படவில்லை. அந்தப் பெண்களிடம் பாடம் கேட்டவர்கள் சிலராவது நம்மிடையே இருக்கிறார்கள். எழுத நினைப்பவர்கள் சீக்கிரம் போய் அவர்களைக் கேட்பது நல்லது.