டாட்நெட் திட்டங்களில் மிகையான இயக்கச்சூழல் அடையாளங்கள்

ஒரு நிரல் எந்த இயங்குதளத்தில், எந்த வகை நுண்செயலியில் ஓடப்போகிறது என்பதை டாட்நெட் கருவிகளுக்குச் சொல்லும் சிறு பெயர் இயக்கச்சூழல் அடையாளம். நிரலாளர் பேச்சில் இது ஆர்ஐடி. ‘வின்-எக்ஸ்64’ என்றால் 64 பிட் விண்டோஸ். ‘லினக்ஸ்-மஸ்ல்-எக்ஸ்64’ என்றால் ஆல்பைன் போன்ற லினக்ஸ்.

2016இல் டாட்நெட் கோர் 1.0 வெளிவந்தபோது திட்ட அமைப்புகள் ப்ராஜெக்ட்.ஜேசன் கோப்பில் இருந்தன. தனித்து ஓடும் செயலி வேண்டுமானால் அதிலேயே தளங்களைப் பட்டியலிட வேண்டும். 2017இல் சிஎஸ்ப்ராஜ் கோப்பு திரும்பியதும் அந்தப் பட்டியல்கள் ‘ரன்டைம் ஐடென்டிஃபையர்ஸ்’ என்ற வரியாக இடம் மாறின. இன்று காணும் தேவையற்ற வரிகளில் பல அப்படி வந்து தங்கியவை.

நூலகத் திட்டத்துக்கு இந்த வரி பெரும்பாலும் வேண்டாதது. நூலகம் தளம் சாராத இடைநிலை மொழியாகவே தொகுக்கப்படுகிறது. அதை இயந்திரக் குறியீடாக்கும் வேலை ஓடும் நேரத்தில் நடக்கிறது. ஆனால் வரி இருந்தால், சார்புகளை மீட்டெடுக்கும் நியூகெட் கருவி அதை மதித்தே ஆக வேண்டும். 2 இலக்குக் கட்டமைப்புகளும் 5 அடையாளங்களும் உள்ள நூலகத்தில், ஒவ்வொரு கட்டமைப்புக்கும் பொதுவாக ஒருமுறை, அடையாளத்துக்கு ஒருமுறை என 12 சார்புக் கணக்குகள். வரியை நீக்கினால் 2 போதும். பல திட்டங்கள் கொண்ட தொகுப்பில் இந்த வீண் வேலை ஒவ்வொரு மீட்டெடுப்பிலும் பெருகும். ஒருமையில் ‘ரன்டைம் ஐடென்டிஃபையர்’ என்று எழுதுவது இன்னும் மோசம்: அது நூலகத்தையே ஒரு தளத்தோடு கட்டிப்போடுகிறது.

பழைய பெயர்கள் இப்போது பிழையாகவே வெடிக்கின்றன. டாட்நெட் 8ஐ இலக்காகக் கொண்ட திட்டத்தில் ‘வின்10-எக்ஸ்64’ போன்ற பதிப்பு சார்ந்த அடையாளம் இருந்தால், நெட்எஸ்டிகே1083 என்ற பிழையுடன் தொகுத்தல் நின்றுவிடும்.

எல்லா வரியும் மிகையல்ல. செயலியை வெளியிடும்போது கட்டளையிலேயே தளத்தைச் சொன்னால், மீட்டெடுப்பும் அதற்கேற்பத் தானாக நடக்கும். மீட்டெடுப்பைத் தனிப் படியாக முன்பே முடித்துவிடும் தானியங்கித் தொகுத்தல் முறைகளில் அப்படியல்ல. அடையாளம் முன்கூட்டியே தெரியாவிட்டால் நெட்எஸ்டிகே1047 பிழை வரும். சார்புகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பைக் கண்டிப்பான முறையில் பயன்படுத்தும் திட்டங்களுக்கும் பட்டியல் தேவை. ஆகவே முதலில் நூலகங்களில் வரியை நீக்குங்கள். செயலித் திட்டங்களில் கை வைக்குமுன் வெளியீட்டுக் கட்டளைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.